வாடகை வீட்டுக்குள் வெள்ளம்: கிளெய்ம் போடவா, கைக்காசு போடவா?

செல்லூர் வீட்டுக்காரர்கள் மழைக்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

2024 அக்டோபர் 25 பிற்பகலில், மதுரையில் 15 நிமிடத்துக்குள் 4.5 செ.மீ. மழை கொட்டியதாக அரசு கணக்குச் சொன்னது. அன்று முழுவதும் பெய்தது 10 செ.மீ.க்குப் பக்கம். செல்லூர் கண்மாய் நிறைந்தால் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு வாய்க்கால் கொள்ளவில்லை. தண்ணீர் தெருவைப் பிடித்துக்கொண்டது. கட்டபொம்மன் நகர் மாதிரியான பள்ளத்துத் தெருக்களில் வீடுகளுக்குள் புகுந்து நின்றது. கண்மாயிலிருந்து வைகைக்கு ரூ.11.9 கோடியில் சிமென்ட் கால்வாய் கட்ட முதல்வர் மு.க.ஸ்டாலின் உத்தரவிட்டார். 2025 மே 31 அன்று அவர் மதுரை வந்தபோது பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தது பெரிய செய்தியானது; பிறகு அவரே அந்த வாய்க்காலை நேரில் பார்த்தார்.

கால்வாய் அரசாங்கத்தின் வேலை. தண்ணீர் வடிந்த பிறகு வளவுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஊறிப்போன சுவர், உப்பிய கதவு, கருகிய சுவிட்ச் போர்டு, சாய்ந்த காம்பவுண்டுச் சுவர். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். வீட்டுக்காரர் கொத்தனாரைப் பார்ப்பார். இன்ஷூரன்ஸ் என்ற சொல் யார் வாயிலும் வராது. வந்தாலும், "அதெல்லாம் போட்டா குடுக்க மாட்டாய்ங்க" என்பதோடு முடிந்துவிடும்.

குடுப்பார்கள், குடுக்க மாட்டார்கள் இரண்டுமே பாதி உண்மை. எந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் போட வேண்டும், எதற்குப் போடக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பெரிய இழப்பில் பணம் வரும். சின்ன இழப்பில் அலைச்சல் மிச்சமாகும். இப்போது நம் ஊரில் நடப்பது தலைகீழ். ஒழுகும் மாடிக்குக் கிளெய்ம் கேட்டு ஏமாறுகிறார்கள். வெள்ளத்தில் விழுந்த சுவரைச் சத்தமில்லாமல் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள்.

பாலிசி இருப்பதே தெரியாத வீடுகள்

முதல் கேள்வி, பாலிசி இருக்கிறதா என்பது. வீட்டுக் கடன் வாங்கிக் கட்டிய வீடாக இருந்தால், கடனோடு சேர்த்து வங்கி ஒரு வீட்டு இன்ஷூரன்ஸும் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. பிரீமியம் கடன் தொகையிலேயே கலந்துபோயிருக்கும். பத்திரம் கடன் ஃபைலுக்குள் தூங்கும். கடன் கணக்குப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலோ, கிளை மேலாளரிடம் கேட்டாலோ தெரிந்துவிடும். கடன் பாக்கி இருக்கும்வரை அந்த பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும். கிளெய்ம் தொகை முதலில் வங்கிக்குத்தான் போகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்தமாக பாலிசி எடுப்பவர்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் வேலை எளிதாகிவிட்டது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. கட்டடத்தின் பரப்பையும் கட்டுமானச் செலவையும் பெருக்கித்தான் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடுகிறார்கள். நில மதிப்பு இதில் சேராது. செல்லூரில் ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்பதற்கும் பாலிசிக்கும் சம்பந்தம் இல்லை. விழுந்தால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு. காம்பவுண்டுச் சுவர், கேட், நிலையான தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் பேனல் எல்லாம் கட்டடத்தோடு சேர்த்தி. வெள்ளத்தில் முதலில் சாய்வது காம்பவுண்டுச் சுவர்தான் என்பதால் இது சாதாரண விஷயம் இல்லை.

தண்ணீர் எந்த வழியாக வந்தது?

இந்த பாலிசி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், தண்ணீர் தேங்கி மூழ்குதல், நிலநடுக்கம், நிலச்சரிவு, வாகனம் மோதுதல், கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து வழிதல் என்று அது நீளும். பட்டியலில் உள்ள சம்பவத்தால் சேதம் வந்திருந்தால் கிளெய்ம் உண்டு. இல்லாவிட்டால், சேதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இல்லை.

'மழை' என்று அந்தப் பட்டியலில் தனியாக ஒன்று கிடையாது. நம் ஊர் வீட்டுக்காரர்கள் இடறி விழும் இடம் இதுதான். ஒரே நாள் மழையில் ஒரே வளவுக்குள் தண்ணீர் மூன்று வழியாக வரலாம்.

தெருவிலிருந்து ஏறி, வாசற்படி தாண்டி வந்தது ஒரு வகை. கண்மாய் நிறைந்தோ, வாய்க்கால் அடைத்தோ, மழைநீர் வடியாமல் தேங்கியோ வரும் இந்தத் தண்ணீர் வெள்ளம்தான். மழைநீர் தேங்கினால் அது வெள்ளம் ஆகாது என்று ஒரு காப்பீட்டு நிறுவனம் வாதாடிய வழக்கில், 2020-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பலத்த மழையில் நிலக்கரி அடித்துச் செல்லப்பட்டதற்கு ஜே.கே. சிமென்ட் நிறுவனம் கேட்ட இழப்பீட்டு வழக்கு அது. 'வைகை உடைத்துக்கொண்டு வந்தால்தான் வெள்ளம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாடியிலிருந்து சொட்டியது இரண்டாவது வகை. தட்டோடு விரிந்து, கம்பி துருப்பிடித்து, பல வருஷமாக ஊறிய சுவர். இது பராமரிப்புக் குறை. இதற்குக் கிளெய்ம் எழுதுவது காகிதத்துக்குக் கேடு. மழைக்கு முன்பே மாடியைச் சரிபார்ப்பதுதான் இதற்கான இன்ஷூரன்ஸ்.

மூன்றாவது வகை, மாடித் தொட்டி உடைந்தோ, சுவருக்குள் குழாய் வெடித்தோ வந்தது. இது பட்டியலில் உள்ள சம்பவம். ஆனால் பெரும்பாலும் சேதம் சிறியது. அதனால் கிளெய்ம் போடுவதா என்பது தனிக் கணக்கு.

ஆகவே கிளெய்ம் படிவத்தில் "மழையால் சேதம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து, எத்தனை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். மாடி ஒழுகலையும் வெள்ளச் சேதத்தையும் ஒரே எஸ்டிமேட்டில் கலந்துவிட்டால், ஒழுகலைக் காட்டி மற்றதையும் சந்தேகப்பட இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

கார் பயம் வீட்டுக்கு எதற்கு?

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் பழகிப்போயிருக்கிறது. ஒரு வருஷம் கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருஷ பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அது படிப்படியாக ஏறி 50 சதவீதம்வரை போகும். சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போட்டால் சேர்த்துவைத்த அந்தத் தள்ளுபடி மொத்தமாகப் போய்விடும். அதனால் பம்பர் நசுங்கினால் கைக்காசில் பார்த்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்தான்.

அதே கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்கும் கொண்டுவருகிறார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அப்படி ஏறிக்கொண்டே போகும் போனஸ் கிடையாது. இல்லாத ஒன்றை இழந்துவிடுவோமோ என்று பயந்து லட்ச ரூபாய் கிளெய்மை விடுவதில் புத்திசாலித்தனம் ஏது?

டொராண்டோவிலோ டெக்சாஸிலோ இருக்கும் சொந்தக்காரர் போனில் சொல்லும் யோசனையையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுக் கிளெய்ம்கள் 7 வருஷம்வரை ஒரு பொதுத் தரவுத்தளத்தில் பதிவாகி இருக்கும். அடுத்த நிறுவனமும் அதைப் பார்த்துத்தான் விலை சொல்லும். அதனால் அங்கே வாடகை வீடு வைத்திருப்பவர்கள் பெரிய சேதத்துக்குத் தவிர வாயைத் திறப்பதில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்கே சாதாரண வீட்டு பாலிசியில் வெள்ளத்துக்குக் காப்பு இல்லை. அதற்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும். இங்கே வெள்ளம் அடிப்படைப் பட்டியலிலேயே இருக்கிறது. காசு கட்டி வாங்கிய முக்கியமான காப்பே அதுதான்.

ஆனாலும் பயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. 2007 ஜனவரி 1-ல் தீ காப்பீட்டு விகிதங்கள் மீதான கட்டுப்பாடு நீங்கிய பிறகு, நிறுவனங்கள் தங்கள் கணக்குப்படி விலை வைக்கலாம். ஒரே கட்டடத்துக்கு வருஷா வருஷம் கிளெய்ம் போனால், புதுப்பிக்கும்போது பிரீமியம் ஏறவோ, நிபந்தனைகள் இறுகவோ வாய்ப்பு உண்டு. பள்ளத்துத் தெரு வீட்டுக்காரர்கள் சில்லறைக் கிளெய்ம்களைத் தவிர்ப்பதற்கு நியாயமான காரணம் இதுதான். பெரிய வெள்ளத்துக்காக பாலிசியைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாத வாடகை என்ற அளவுகோல்

எது சில்லறை, எது பெரியது? ஒவ்வொரு கிளெய்மிலும் பாலிசிதாரர் தன் பங்காக ஏற்க வேண்டிய 'எக்செஸ்' தொகை பாலிசி அட்டவணையில் இருக்கும். கொத்தனாரும் எலெக்ட்ரீஷியனும் தரும் எஸ்டிமேட்டிலிருந்து முதலில் அதைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது அந்தக் கட்டடத்தின் மூன்று மாத மொத்த வாடகையைத் தாண்டினால் தயங்காமல் கிளெய்ம் போடலாம். ஒரு மாத வாடகைக்கும் குறைவு என்றால் விட்டுவிடலாம் என்பது எங்கள் யோசனை. இடைப்பட்டதற்கு, முந்தைய வருஷங்களில் எத்தனை முறை கிளெய்ம் போட்டிருக்கிறோம் என்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

உதாரணத்துக்கு, நான்கு போர்ஷன் உள்ள ஒரு வளவு. ஒவ்வொன்றுக்கும் வாடகை ரூ.5,000, மாதம் ரூ.20,000. எக்செஸ் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். மாடித் தொட்டி உடைந்து ஒரு போர்ஷனில் சுவரும் சுவிட்ச் போர்டும் போய்விட்டன, செலவு ரூ.14,000. கிளெய்ம் போட்டால் கைக்கு வருவது அதிகபட்சம் ரூ.4,000. இதற்கு இரண்டு நாள் கடையையோ தறியையோ விட்டு அலைவது வீண்.

அதே வளவுக்குள் வெள்ளம் புகுந்து காம்பவுண்டுச் சுவர் விழுந்து, தரை இறங்கி, வயரிங் போய்விட்டது. செலவு ரூ.1,80,000. இரண்டு போர்ஷன் இரண்டு மாதம் குடியிருக்க முடியாமல் பூட்டிக் கிடக்கிறது. வாடகை இழப்பு ரூ.20,000. ஆக மொத்தம் ரூ.2 லட்சம். மதிப்பிட வருபவர் கால்வாசியை வெட்டிவிட்டார் என்றே கொள்வோம். ரூ.1,50,000-ல் எக்செஸ் போக ரூ.1,40,000 வரும். மூன்று மாத வாடகை ரூ.60,000-ஐப் போல் இரண்டு மடங்குக்கு மேல். இதை விடுவது தர்மம் செய்வதற்குச் சமம். அதுவும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு.

வாடகை இழப்பைப் பலர் கேட்பதே இல்லை. பாரத் கிருஹ ரக்ஷாவில் அது உள்ளேயே இருக்கிறது. பட்டியலில் உள்ள சம்பவத்தால் வீடு குடியிருக்கத் தகுதியற்றதாகி, அதனால் வாடகை நின்றுபோனால் அந்த இழப்பையும் கேட்கலாம். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கும் ஓர் அளவுவரை இடம் உண்டு. வாடகையை நிரூபிக்க எழுத்து ஒப்பந்தமும் வங்கிவழி ரசீதும் வேண்டும். கையில் வாங்கிக் கையில் கொடுக்கும் வாடகைக்குச் சாட்சி யார்?

ஒத்திக்கு விட்ட வீட்டில் மாத வாடகை இல்லை என்பதால் இந்தக் கணக்கு வேறு. அங்கே வாடகை இழப்பைக் காட்டுவது கடினம். கட்டடச் சேதம் மட்டும்தான் கிளெய்ம். ஆனால் வீடு குடியிருக்க முடியாமல் போனால் ஒத்திக்காரர் தன் லட்சங்களைத் திருப்பிக் கேட்பார். அந்த நெருக்கடி மாத வாடகைக்காரரிடம் வராது. ஒத்திக்கு விட்டவர்களுக்குத்தான் கட்டட பாலிசி அதிகம் தேவை.

கீழே தறி, மேலே குடித்தனம்

செல்லூரில் நெசவு இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. கீழ்த்தளத்தில் தறியோ, சின்னப் பட்டறையோ, குடோனோ, மேலே குடித்தனம். வீட்டு பாலிசி குடியிருப்புக் கட்டடத்துக்கானது. தொழிலுக்கு விட்டதைச் சொல்லாமல் வீடு என்றே பாலிசி எடுத்திருந்தால், கிளெய்ம் நேரத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். வீட்டை வாடகைக்கு விட்டாலும், பயன்பாட்டை மாற்றினாலும், கூடுதலாகக் கட்டினாலும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசி சொல்கிறது. ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போதும்.

தொழில் நடக்கும் இடத்துக்கு, ஓரிடத்தில் ரூ.5 கோடிவரை மதிப்புள்ள சொத்துக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று தனி பாலிசி இருக்கிறது. அதில் ஒரு கண்ணி உண்டு. வீட்டு பாலிசியில் தொகையைக் குறைத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக இழப்பீட்டை வெட்டுவதில்லை. தொழில் பாலிசியில் அந்தச் சலுகை 15 சதவீதம்வரைதான். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைப் பாதியாகக் காட்டியவருக்குக் கிளெய்மும் அந்த விகிதத்தில்தான் வரும்.

குடியிருப்பவர் பக்க நியாயம்

வீட்டுக்காரரின் பாலிசி, குடியிருப்பவரின் ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் பீரோவில் இருந்த பட்டுச்சேலைக்கும் பொருந்தாது. இது பலருக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிகிறது. வாடகைக்கு இருப்பவரும் தன் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். வெள்ளத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போகும்போது திருடு போனால், சம்பவம் நடந்த 7 நாட்களுக்குள் நடந்த திருட்டுக்கு இதில் காப்பு உண்டு. சாதாரண நாளில் நடக்கும் திருட்டுக்கு இல்லை.

"வெள்ளை நீங்களே அடிச்சுக்கங்க" என்று வீட்டுக்காரர் கைகழுவுவதும் எளிதல்ல. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பழுதுகளை இரண்டு தரப்புக்கும் பிரித்து வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை கட்டுமானப் பழுது, சுண்ணாம்பு, பெயின்ட், குழாய் மாற்றம், வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. திருகு குழாய், சுவிட்ச், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் பொறுப்பு. வெள்ளச் சேதத்தின் பெரும்பகுதி முதல் பட்டியலில் இருக்கிறது. சட்டப்படி தான் செய்தே ஆக வேண்டிய செலவு என்று தெரிந்தால், கிளெய்ம் போடும் முடிவும் சீக்கிரம் வந்துவிடும்.

முதல் இரண்டு நாள்

பெரிய சேதம் என்று தோன்றினால் கணக்குப் போட்டு முடிக்கும்வரை காத்திருக்காமல் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். கட்டணமில்லா எண்ணில் சொன்னாலும், பின்னாலேயே மின்னஞ்சலும் அனுப்பிவைப்பது நல்லது. நியாயமான கிளெய்மைத் தாமதத்தை மட்டும் காட்டி நிராகரிக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அது கடைசி நேர ஆயுதமாக இருக்கட்டும். சோம்பலுக்குச் சாக்காக வேண்டாம்.

அடுத்து சர்வேயர் வருவார். நிலம் அளப்பவர் அல்ல, இழப்பை மதிப்பிடும் உரிமம் பெற்றவர். 2024-ல் வந்த விதிகளின்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் அவரை நியமிக்க வேண்டும். 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அவர் வரும்வரை சகதியோடு வீட்டை விட்டுவைக்க முடியாது. குடும்பம் திரும்பி வர வேண்டும் அல்லவா? ஆகவே கழுவுவதற்கு முன்பு ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுக்க வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பக்கத்தில் டேப் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். கழற்றிய சுவிட்ச் போர்டு, உப்பிய கதவு, எரிந்த மோட்டார் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடக் கூடாது. தெரு மூழ்கிய பத்திரிகைச் செய்தியையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

செல்லூர் மாதிரியான பழைய பகுதிகளில் கிளெய்மை நிறுத்தி வைக்கும் இன்னொரு சிக்கல், பெயர். வீட்டு வரி ரசீது காலமான தாத்தா பெயரில், மின் இணைப்பு அப்பா பெயரில், பாலிசி மகன் பெயரில். அந்தச் சொத்தில் மகனுக்கு என்ன உரிமை என்று நிறுவனம் கேட்பதில் தவறில்லை. வாரிசுச் சான்றிதழும் பெயர் மாற்றமும் வெள்ளம் வடியும் வேகத்தில் வராது.

'இல்லை' என்று கடிதம் வந்தால்

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆவணம் இல்லை என்பதை மட்டும் காட்டி எந்தக் கிளெய்மையும் தள்ளக் கூடாது என்பது 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட உத்தரவு. தொகை குறைவாக வந்தால் 'முழுத் திருப்தி' என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போட்டாலும் மேற்கொண்டு கேட்கும் உரிமை போய்விடாது என்று 2015 சுற்றறிக்கை சொல்கிறது. ஆனாலும் 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று தனிக் கடிதம் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, ரூ.50 லட்சம்வரை இழப்பீடு வழங்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. மதுரையிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதானால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

இத்தனை வாசல் திறந்திருந்தும், நுழைவதற்கு ஒப்பந்தம், வரி ரசீது, பாலிசி மூன்றும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று படம் பேச வேண்டும். இதில் பாதி வேலை வெயில் காலத்து வேலை. புதுக் கால்வாய் கட்டினாலும் கட்டாவிட்டாலும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். பெயர் மாற்ற மாநகராட்சி அலுவலகத்துக்கு ஜூலையிலேயே போய்விடுங்கள். அப்போது வரிசையும் சின்னதாக இருக்கும்.